அரை முழத்தில் ஆக்லாந்து

போக மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் நான் சொந்தமாக எடுத்த முதல் முடிவு இது. அதனால் கொஞ்சம் மரியாதையாகவே எடுத்தேன். குளியலறைக்குள் போய், கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து, "ஆக்லாந்தாவது ஆட்டுக்குட்டியாவது! போக மாட்டேன்!" என்றேன். கண்ணாடியில் இருந்தவன் கொஞ்சம் நடுங்கினான். குழாயை எதற்குத் திறந்தேன் என்று கேட்காதீர்கள். தண்ணீர் வருகிறதா என்று பார்க்கத்தான்.

"என்னங்க, உள்ள யார்கூடப் பேசுறீங்க?" என்று வெளியிலிருந்து டெபோரா கேட்டாள்.

"யார்கூடயும் இல்லம்மா. பாட்டு."

"பாட்டுல ஆக்லாந்து வருதா?"

"புதுப் பாட்டு."

"சரி, ஆட்டுக்குட்டியெல்லாம் கழுவிட்டு சீக்கிரம் வாங்க. தோசை ஆறுது."

விஷயம் இதுதான். என் மனைவி டெபோராவின் தம்பி ஸ்டெபின் நியூசிலாந்தில், ஆக்லாந்து என்ற ஊரில் இருக்கிறான். உலகத்தில் அதற்கப்புறம் ஊர் கிடையாது, கடல்தான். அவனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அக்டோபர் முதல் ஞாயிறு ஞானஸ்நானம். டெபோரா குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலாண்டு விடுமுறை, முன்னால் பின்னால் வருகிற சனி ஞாயிறு எல்லாம் கூட்டினால், பத்து நாள் வரும். "அந்தப் பத்து நாள்ல அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துடலாங்க" என்றாள். நீங்கள் கேட்டிருந்தால்கூட அது அறிவிப்பு என்று புரிந்திருக்கும். கடைசியில் கேள்விக்குறி இல்லை.

கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். ஒரு ரகசியம் சொல்கிறேன்.

நான் இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. ஏறப்போவதும் இல்லை. பயம் என்று நினைத்துவிடாதீர்கள். கொள்கை. மனுஷனுக்குக் கால் எதற்கு இருக்கிறது? தரையில் வைக்க. அவ்வளவுதான் என் கொள்கை. எங்கள் அஸ்தினாபுரத்து மொட்டை மாடியில் நின்றால் மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு போகும். துணி காயப் போடும்போது அது வந்தால் நான் குனிந்துகொள்வேன். அதுவும் கொள்கைதான்.

இதில் சிக்கல் என்னவென்றால், பெண் பார்க்கப் போன அன்று மாமனார் வேதசிரோமணி என்னிடம், "தம்பி ஃப்ளைட்லலாம் போயிருக்கீங்களா?" என்று கேட்டார். கையில் கேசரி இருந்தது. எதிரே டெபோரா இருந்தாள். நான் என்ன செய்ய? "அடிக்கடி" என்றேன்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எனக்கு 'ஃப்ளைட் மாப்பிள்ளை' என்று பெயர். கல்யாணத்துக்குப் பிறகு கம்பெனி என்னைப் பூனாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. விமானச் சீட்டும் போட்டுக் கொடுத்தது. நான் இரண்டு நாள் முன்னதாகவே லீவு போட்டுவிட்டு ரயிலேறிப் போய், விமானத்தில் வந்தவன் மாதிரி தலையை வாரிக்கொண்டு நின்றேன். நாலு வருஷம் கட்டிக் காத்த மானம். அது ஆக்லாந்தில் போகக் கூடாது.

சரி, போக மாட்டேன் என்று நேராகச் சொல்லலாமா? சொல்லலாம். சொன்னால் "ஏன்?" என்பாள். அதனால் கணக்காகப் போட்டுச் சொல்வது என்று தீர்மானித்தேன். கணக்கு டீச்சருக்குக் கணக்கிலேயே அடி. அதுவும் நான் என்ன, கணக்குத் தெரியாதவனா? மறைமலை நகரில் காருக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நான் டைம் ஸ்டடி எடுக்கிறவன். ஒரு ஆள் ஒரு போல்ட்டை முடுக்க எத்தனை செகண்ட் என்று பின்னால் நின்று ஸ்டாப்வாட்ச் பிடிப்பது என் வேலை. பதின்மூன்று செகண்ட் என்று வரும். அதை அப்படியே எழுதிவிட்டால் அவன் செத்தான். தண்ணீர் குடிக்க, கை உதற, ஒதுங்கிவிட்டு வர, அலுப்புக்கு என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் சேர்த்துப் பதினைந்து செகண்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தச் சேர்ப்புக்குப் பெயர் அலவன்ஸ். கர்த்தர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஓய்வெடுத்தார் இல்லையா? அந்த ஏழாம் நாள்தான் உலகத்தின் முதல் அலவன்ஸ்.

முதலில் தூரம் வேண்டும். கீழ்வீட்டில் தோத்தாத்ரி சார் இருக்கிறார். ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். அவரிடம் ஒரு உலக உருண்டை உண்டு. அதில் நம் ஊர் இன்னும் மெட்ராஸ்தான்.

"சார், இங்கேருந்து ஆக்லாந்து எவ்வளவு தூரம்?"

"போன்ல தட்டினா அதுவே சொல்லுமேப்பா."

"டெபோரா அவ போன்ல தட்டிடுவா சார். எனக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமா வேணும்."

சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய், மாமி பூக்கட்டுகிற நூலில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். மெட்ராஸில் என் விரலை வைத்து அழுத்தச் சொல்லி, நூலை இழுத்து, வங்காள விரிகுடாவைத் தாண்டி, சுமத்ராவைத் தாண்டி, ஆஸ்திரேலியாவின் முதுகில் ஏறி, ஆக்லாந்தில் கொண்டுபோய் நிறுத்தினார். நூலை எடுத்து ஸ்கேலில் வைத்தார்.

"இருபத்தாறரை சென்டிமீட்டர்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அரை முழத்துக்குக் கொஞ்சம் மேலே."

எனக்குத் திக்கென்றது. என் மனைவி ஞாயிற்றுக்கிழமை தலையில் வைத்துக்கொள்கிற பூ அதைவிட நீளம்.

"உருண்டையோட சுத்தளவு தொண்ணூத்து நாலு சென்டிமீட்டர். பூமி சுத்தளவு நாப்பதாயிரம் கிலோமீட்டர். பெருக்கி வகுத்தா..." சார் கண்ணை மூடினார். "பதினோராயிரத்து இருநூத்து எழுபத்தாறு."

"சார், அந்தச் சுவர் மேப்ல அளந்தா கூட வருமா?"

"மேப் தட்டை. அதுல அளந்தா தப்பு. உலகம் உருண்டைப்பா."

"என் கஷ்டத்துக்குக் கொஞ்சம் தட்டையா இருக்கக் கூடாதா சார்?"

"அதுக்கு நான் என்ன பண்றது? நான் ரிட்டயர் ஆகி பதினாலு வருஷமாச்சு."

மேலே வந்து உட்கார்ந்தேன். விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். பதினோராயிரத்து இருநூற்று எழுபத்தாறை வகுத்தால் பன்னிரண்டரை மணி நேரம். பன்னிரண்டரை! நான் ரயிலில் திருநெல்வேலிக்குப் போயிருக்கிறேன், கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆனது. இந்தக் கணக்கை டெபோராவிடம் காட்டினால் பெட்டியை நானே இறக்கிக் கொடுத்த மாதிரி.

அப்போதுதான் என் தொழில் எனக்குக் கை கொடுத்தது. தொழிற்சாலைப் படிவம் ஒன்றை எடுத்தேன். அலவன்ஸ் போட ஆரம்பித்தேன்.

முதலில் மாமனாரின் பிரயாண ஜெபம். அந்தக் குடும்பத்தில் யார் வாசற்படி தாண்டினாலும் பெட்டியைச் சுற்றி நின்று ஜெபிக்காமல் அனுப்ப மாட்டார்கள். வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குப் போனபோதே மாமா இருபது நிமிஷம் ஜெபித்தார். அது பன்னிரண்டு கிலோமீட்டர். ஆக்லாந்துக்கு விகிதப்படி போட்டுப் பார்த்தேன். பதின்மூன்று நாள் வந்தது. எனக்கும் மனசாட்சி உண்டு. ஐம்பது நிமிஷமாகக் குறைத்தேன்.

அடுத்து ஜி.எஸ்.டி. ரோடு. மீனம்பாக்கம் போக ஒன்றரை மணி. விமான நிலையத்தில் முன்கூட்டிப் போய் நிற்க மூன்று மணி. ஏறி ஜன்னல் சீட் பிடிக்கப் பதினைந்து நிமிஷம். பறக்கப் பன்னிரண்டரை மணி. சிங்கப்பூரில் இறங்கி வேறு விமானம் மாற ஐந்து மணி. வழியில் தண்ணீர் பாட்டில் நிரப்பிக்கொள்ளப் பத்து நிமிஷம். அங்கே போய் வரிசையில் நிற்க, பெட்டி எடுக்க இரண்டு மணி. ஸ்டெபின் வீட்டுக்குக் காரில் ஒன்றேகால். அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட ஏழரை மணி முந்தி ஓடுகிறதாம், அதையும் போட்டேன். முப்பத்து நாலு மணி. அதன்மேல் அலுப்புக்குப் பதினைந்து சதவீதம். முழுசாக நாற்பது மணி என்று வைத்துக்கொண்டேன். திரும்பி வரவும் நாற்பது. உடம்பு அந்த ஊர்ப் பகலைப் பகல் என்று ஒத்துக்கொள்ள மூணேமுக்கால் நாள். தூக்கம், குளியல், மாமியார் புஷ்பம் ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் போட்டோ எடுத்துக்கொள்கிற நேரம் எல்லாம் கழித்தேன்.

பத்து நாளில் மிச்சம் ஒன்றரை நாள்!

நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் டெபோரா விடைத்தாள் கட்டோடு வந்து உட்கார்ந்ததும், காபியை நானே போட்டுக் கொடுத்துவிட்டு, படிவத்தை மேஜையில் வைத்தேன்.

"என்னங்க இது?"

"ஆக்லாந்து. அறிவியல்பூர்வமா."

சிவப்புப் பேனாவை மூடாமலே படித்தாள். நாற்பது பிள்ளைகள் தினமும் எப்படித்தான் தாங்குகிறார்களோ.

"இந்த ஏழரை மணி என்ன?"

"அங்க கடிகாரம் முன்னாடி ஓடுதுல்ல? போகும்போது நம்ம வாழ்க்கையில ஏழரை மணி காணாமப் போயிடும்."

"சரி. வரும்போது அது திரும்பக் கிடைச்சிடுமே? வரும்போதும் ஏன் கூட்டியிருக்கீங்க?"

"கிடைக்கும். ஆனா எப்படிப்பட்ட மணி? பழைய மணி. ஏற்கெனவே ஒரு தடவை வாழ்ந்தது."

மைனஸையும் மைனஸையும் பெருக்கி மைனஸ் என்று எழுதியவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். நான் அசையவில்லை. அலவன்ஸ் விஷயத்தில் யூனியன் தலைவரையே பார்த்தவன் நான்.

"அப்பா ஜெபம் அம்பது நிமிஷமா?"

"குறைச்சுதான் போட்டிருக்கேன். கூடப் போட்டா நீ வருத்தப்படுவே."

"சீட் பிடிக்கப் பதினஞ்சு நிமிஷமா?"

"கூட்டம் இருக்கும்ல?"

டெபோரா டம்ளரை எடுத்தாள். காபியைக் குடித்தாள். டம்ளருக்குள் ஒரு இருமல் மாதிரி வந்தது.

"அப்போ என்ன சொல்ல வர்றீங்க?"

இதற்காகத்தானே காத்திருந்தேன்! எழுந்து நின்று சொன்னேன். "பத்து நாள்ல நாலு பேரும் அடிச்சுப் புடிச்சுப் போயி, அந்தக் குழந்தைய ஒன்றரை நாள் பாக்குறதுக்கு இருபத்திரண்டாயிரத்து ஐந்நூத்து அம்பத்திரண்டு கிலோமீட்டரா? நியாயமா? நான் வரலைன்னு சொல்லல டெபோரா. எனக்கென்ன, ஃப்ளைட் புதுசா? கணக்கு வர விடமாட்டேங்குது."

"கரெக்டுதாங்க" என்றாள்.

என் காதை நான் நம்பவில்லை. "என்ன சொன்னே?"

"கரெக்டுன்னேன். பத்து நாள் பத்தாது. நீங்க எவ்வளவு யோசிச்சுப் போட்டிருக்கீங்க! ஆனா கீழ ஒரு கட்டம் காலியா இருக்கே. 'பரிந்துரைக்கப்படும் காலம்'னு."

"அது படிவத்துல இருக்கிறது. விடு."

"படிவம்னா முழுசா நிரப்பணும். என் பிள்ளைங்க கட்டத்தைக் காலியா விட்டா நான் மார்க் குடுக்க மாட்டேன். இந்தத் தூரத்துக்கு எத்தனை நாள் இருந்தா நியாயம்?"

வெற்றியில் மனுஷன் தாராளமாகிவிடுகிறான். "முப்பது நாள்!" என்றேன். யாரால் முடியும் முப்பது நாள்? எழுதினேன். அவள் பேனாவை நீட்டினாள். வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டு, 'ஆபேல், டைம் ஸ்டடி' என்று முத்திரையும் குத்தினேன். முத்திரை பையிலேயே இருந்தது. அதுதான் என் போதாத காலம்.

அடுத்த ஐந்து நாள் நான் வாழ்ந்த வாழ்க்கை இருக்கிறதே! காலை மடக்கி சோபாவில் உட்கார்ந்தேன். "குழம்புல உப்பு கம்மி" என்று ஒருதரம் சொன்னேன். மொட்டை மாடியில் விமானம் வந்தபோது குனியாமல் நின்று அதை முறைத்துப் பார்த்தேன். அது ஒன்றும் செய்ய முடியாமல் மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், ஆலயத்து வேப்பமரத்தடியில் மாமனார், மாமியார், டெபோரா மூன்று பேரும் நிற்கிறார்கள். அவர்கள் நடுவில் என் ப்ரொடக்‌ஷன் மேனேஜர் ரத்தினம் சார். எங்கள் சபைதான். எனக்கு முன் வரிசையில்தான் உட்காருவார். அவர் கையில் ஒரு காகிதம். தூரத்திலிருந்தே என் முத்திரை தெரிந்தது.

"ஆபேல், இங்க வா" என்றார். "உன் மிஸஸ் ஷீட்டக் காட்டினாங்க. பிரமாதம்."

"சார், அது வீட்டு உபயோகத்துக்கு..."

"முப்பது நாள்னு பரிந்துரை பண்ணியிருக்கே."

"ஒரு உதாரணத்துக்கு சார்."

"கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு, உதாரணம்ங்கறே?" சார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் தொழிற்சாலையில் மெஷினே நின்றுவிடும். "போன மாசம் அசெம்பிளி லைன்ல பதினஞ்சு பர்சென்ட் அலவன்ஸ் அதிகம்னு நான் சொன்னப்ப நீ என்ன சொன்னே?"

"ஞாபகம் இல்ல சார்."

"நான் சொல்றேன். 'என் ஷீட்ல ஒரு செகண்ட் தப்புக் காட்டுங்க சார், வேலைய விட்டுடறேன்'னே. எனக்கு அந்தத் திமிர் பிடிச்சிருந்தது. இப்ப சொல்லு. இந்த ஷீட்ல போட்டிருக்கிற அலவன்ஸ் சரியா, தப்பா? தப்புன்னா தாராளமா சொல்லு. நாளைக்கே அசெம்பிளி லைனையும் மறுபடி அளந்துடலாம்."

அசெம்பிளி லைனில் எழுபது பேர். என் பதினைந்து சதவீதத்தில்தான் அவர்கள் டீ குடிக்கிறார்கள். எதிரே மாமனார் முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மாமியார் புஷ்பம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரியான கணக்குதான் சார்" என்றேன். குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. வந்திருக்க வேண்டும். ஏனென்றால் சார் என் தோளில் தட்டினார்.

"உனக்கு நாப்பத்திரண்டு நாள் லீவு சேர்ந்து கிடக்கு. முப்பது நாள் எடுத்துக்கோ. சந்தோஷமா போயிட்டு வா."

"மாப்ள!" என்று மாமா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பத்து நாள்ல பேரனைப் பாத்துட்டு ஓடி வரணுமேன்னு நானும் இவளும் மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டிருந்தோம். வாயத் திறந்து கேக்க முடியுமா? சிங்கப்பூர்ல மாறுறதுக்கு எங்களுக்கு என்ன தெரியும்? கர்த்தர் உங்க மூலமா பேசியிருக்கார்."

கர்த்தர் இல்லை மாமா, உங்கள் மகள், என்று சொல்ல வாயெடுத்தேன். டெபோரா பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியும் நான் பணியவில்லை. விசா இருக்கிறதே! என் போட்டோவைப் பார்த்தாவது வேண்டாம் என்பார்கள் என்று நம்பினேன். வேண்டுமென்றே முழித்துக்கொண்டு எடுத்த போட்டோ. மூன்று வாரத்தில் வந்துவிட்டது. அந்த நாட்டுக்கு ஆள் பஞ்சம் போலிருக்கிறது. விண்ணப்பம், சீட்டு, பெட்டி எல்லாவற்றையும் டெபோராவே பார்த்துக்கொண்டாள். நான் ஒத்துழைக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தேன்.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது மேஜையில் டிக்கெட் தாள்கள் இருந்தன. எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

"டெபோரா, மூணுதான் இருக்கு."

"ஆமாங்க." வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாம நாலு பேர்."

"நீங்க, அப்பா, அம்மா. மூணு பேர்தானே?"

"நீ?"

"எனக்குப் பத்து நாள்தாங்க லீவு. பத்து நாள் பத்தாதுன்னு நீங்கதானே ஷீட் போட்டுக் குடுத்தீங்க?"

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். சமையலறை சுற்றியது. ஒரு கத்தி, ஒரு வெங்காயம், ஒரு டெபோரா, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

"உன் சொந்தத் தம்பி குழந்தை! நீ போகலைன்னா என்ன அர்த்தம்? உண்மையச் சொல்லு."

கத்தியைக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு ஃப்ளைட்னா பயம்ங்க."

"என்னது?"

"ஆமாங்க. நினைச்சாலே கை சில்லுன்னு ஆயிடுது. ஸ்டெபின்கிட்டயும் சொல்லிட்டேன். பரவால்லக்கா, டிசம்பர்ல நாங்களே வர்றோம்னுட்டான்."

"இத... இத முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீங்களும் அதையே சொல்லியிருப்பீங்க. அப்புறம் அப்பா அம்மாவ யார் கூட்டிட்டுப் போறது?"

"நானா? எனக்கா? நான் அடிக்கடி..."

"ஃப்ளைட்ல அடிக்கடி போறவங்க சீட் பிடிக்கப் பதினஞ்சு நிமிஷம் போடுவாங்களா? வழியில தண்ணி பாட்டில் நிரப்பப் பத்து நிமிஷம்! எங்க இறங்கி நிரப்புவீங்க? கடல்லயா?" மறுபடியும் வெங்காயத்தை எடுத்தாள். "கவலைப்படாதீங்க. அப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்க மரியாதை எனக்கு முக்கியம்."

அவள் கண்ணில் தண்ணீர். வெங்காயம்தான். எனக்கும் வந்தது. நான் வெங்காயத்தைவிட்டு ஆறடி தள்ளி இருந்தேன்.

அந்த நான்கு நாளும் நான் தலை நிமிர்ந்தே நடந்தேன். முப்பது நாள் ஆகும் என்று எழுதியவன் நான். நூல் பிடித்து அளந்தவன் நான். கடைசி நிமிஷத்தில் ஏதாவது ஒரு அலவன்ஸ் என்னைக் காப்பாற்றும் என்று மனசுக்குள் ஒரு நம்பிக்கை. மாமாவின் ஜெபமே போதுமே, விமானம் போய்விடும்!

கிளம்புகிற நாள் காலை எட்டு மணி. பெட்டிகளைச் சுற்றி நின்றோம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா கண்ணை மூடினார். திறந்தார். ஆறு நிமிஷம்.

"இன்னும் கொஞ்சம் ஜெபிங்க மாமா" என்றேன்.

"போதும் மாப்ள. நீங்க கூட வர்றீங்க. வேற என்ன கேக்குறது?"

விடுமுறை நாள். ஜி.எஸ்.டி. ரோடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பல்லாவரத்தில் ஒரு லாரிகூடக் குறுக்கே வரவில்லை. வருஷம் முழுக்க மனுஷனை வதைக்கிற ரோடு, ஒரே ஒரு நாள் உதவி கேட்டேன், செய்யவில்லை. பதினெட்டு நிமிஷத்தில் மீனம்பாக்கம். வாசலில் டெபோரா எல்லோருக்கும் கையசைத்தாள். என் காலரைச் சரிசெய்தாள். "நல்லாப் பாத்துக்கோங்க" என்றாள். யாரை என்று சொல்லவில்லை.

சீட்டில் எண் போட்டிருந்தது. யாரும் துண்டு போடவில்லை. ஜன்னலோரம் மாமியார், நடுவில் மாமா, இந்தப் பக்கம் நான். பெல்ட்டை இரண்டு தரம் இறுக்கினேன். மாமியார் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு, "பாருங்க, எவ்வளவு அழகு!" என்றார். இன்னும் கிளம்பவே இல்லை. ஒரு டிராக்டர் நின்றுகொண்டிருந்தது.

இப்போதும் சொல்கிறேன், நான் பணியவில்லை. உடம்பு ஏறியிருக்கலாம். மனசு அஸ்தினாபுரத்திலேயே சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தது.

போனை அணைக்கப் போகும்போது டெபோராவிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"பயமா இருந்தா அப்பா கையப் புடிச்சுக்கோங்க. மனசு கேக்கல, அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

ரத்தம் கொதித்தது. நாலு வருஷத்து மானம்! 'பயமா? எனக்கா? உன் அப்பா வேணும்னா என் கையைப் பிடிக்கட்டும்' என்று வேகவேகமாகத் தட்டினேன். அதற்குள் விமானம் ஓட ஆரம்பித்தது. ஓட்டம் என்றால் அப்படி ஒரு ஓட்டம். முதுகு சீட்டோடு ஒட்டியது. கீழே தடதட என்று இருந்தது சட்டென்று நின்றுபோனது.

பக்கத்தில் திரும்பினேன். மாமா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு கையை என் பக்கம் ஏற்கெனவே நீட்டி வைத்திருந்தார்.

பிடித்துக்கொண்டேன்.